கார்பன் பிடிப்பைப் பருவநிலை மாற்றத்துக்குத் தீர்வு என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

சொல்லிக் கொடுக்கலாம். புகையிலிருந்தோ காற்றிலிருந்தோ கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிலத்தடியில் புதைப்பதுதான் கார்பன் பிடிப்பு. ஆனால் 'தீர்வு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்காதீர்கள். அளவைக் காட்டுங்கள், முடிவைப் பிள்ளைகளே சொல்லட்டும். நான் டர்பனில் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் தமிழ்க் குடும்பப் பிள்ளைகளும் உண்டு, ஜூலு பிள்ளைகளும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். நாற்றமடிக்கும் புகை எல்லாமே கார்பன் என்று இவர்கள் நினைக்கிறார்கள். தெற்கு டர்பனில் பல பத்தாண்டுகள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் ஓடின, பிறகு ஏன் நினைக்க மாட்டார்கள்! மூக்கைத் துளைப்பது கந்தக டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுத்து சுண்ணாம்புத் தெளிநீர், இரண்டு குவளைகளில். ஒன்றில் ஸ்ட்ரா வழியாக ஒருவர் ஊதுவார் (உறிஞ்சவே கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்). இன்னொன்றில் மீன்தொட்டி மோட்டார் ஜன்னலோரக் காற்றைக் குமிழ்விடும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் இந்த நீர் வெளுக்கும். முதலாவது சீக்கிரமே பால்போலாகிவிடும். இரண்டாவது லேசில் அசையாது. விடும் மூச்சில் இந்த வாயு சுமார் 4%, வெளிக்காற்றில் 0.04%. நூறு மடங்கு வித்தியாசம். நிலக்கரி மின்நிலையப் புகையில் 12 முதல் 14% வரை இருக்கும். திறந்த காற்றிலிருந்து பிடிப்பது ஏன் இவ்வளவு செலவு என்பது இதிலேயே புரிந்துவிடும்.

"அப்படின்னா மின்நிலையத்துலயே பீப்பாய் பீப்பாயா சுண்ணாம்புத் தண்ணி வச்சா போதாதா மேம்?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். சுண்ணாம்பு எப்படிக் கிடைக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது இதே வாயுதான் வெளியேறுகிறது. அந்தச் சுண்ணாம்பு பின்னால் எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவும் முன்னாலேயே போயாயிற்று. சூளையில் எரித்தது தனிக்கணக்கு. அதனால்தான் ஆலைகளில் அமீன் கரைசல், அதாவது இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிக் கரைசல். சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும், மறுபடி பயன்படும். அந்தச் சூட்டுக்கு நீராவி வேண்டும். அதை மின்நிலையத்திலிருந்தே எடுத்தால் ஊருக்குப் போகும் மின்சாரம் குறையும். லோட்ஷெடிங்கில் மெழுகுவத்தி வைத்துப் படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எங்கே பிடிப்பது லாபம்? எங்கள் தென்னாப்பிரிக்காவில் செகுண்டா என்ற ஊர் இருக்கிறது. நிலக்கரியிலிருந்து பெட்ரோல், டீசல் எடுக்கும் அங்குள்ள சாசோல் நிறுவன ஆலை, ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் பசுங்குடில் வாயுக்களை விடுகிறது. அதன் ஒரு பகுதி ஏறக்குறையத் தூய கார்பன் டை ஆக்சைடாகவே தனியாகப் பிரிந்து வருகிறது. பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் எங்கே புதைப்பது? 2010இல் வெளியான தேசியச் சேமிப்பு வரைபடம் தென்னாப்பிரிக்காவில் சுமார் 15,000 கோடி டன் இடம் இருக்கலாம் என்றது. அதில் 98% கடலுக்கடியில். செகுண்டாவோ உள்நாட்டு மேட்டுநிலம். வரைபடத்தைக் கொடுத்துக் குழாய் போடச் சொல்லுங்கள், ஒரு வகுப்பு போவதே தெரியாது.

முடியாத காரியம் என்றும் சொல்லிவிட வேண்டாம். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயல் 1996 முதல் கார்பன் டை ஆக்சைடைக் கடலடிப் பாறையில் செலுத்துகிறது, நல்ல ஆண்டுகளில் 10 லட்சம் டன் வரை. ஆனால் உலகம் முழுக்கப் பிடிப்பு ஆலைகளின் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டன். புதைபடிவ எரிபொருளால் வெளியேறுவது சுமார் 3,700 கோடி டன். சதவீதத்தை அவர்களே போடட்டும். பிடித்ததில் பெரும்பகுதி பழைய கிணறுகளிலிருந்து மேலும் எண்ணெய் எடுக்கத்தான் போகிறது என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் கோபம்தான் வரும், கணக்கு வராது.

தேர்வில் 'தீர்வா, இல்லையா' என்று நான் கேட்பதில்லை. ஒரு சிமென்ட் ஆலை, ஒரு மின்நிலையம், திறந்த காற்று மூன்றையும் கொடுத்து, பணம் ஒன்றுக்குத்தான் இருந்தால் எதற்கு, ஏன் என்று கேட்பேன். மதிப்பெண் 'ஏன்' என்பதற்கு மட்டும்.