காபன் நனோகுழாயில் திரான்சிற்றரை எப்படிச் செய்கிறார்கள்?

ஏ/எல் படிக்கும் வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அவ்வளவு மெல்லிய குழாயை எதனால் பிடித்து, எப்படிச் சரியான இடத்தில் வைப்பது?"

பிடித்து வைப்பதில்லை தம்பி, முளைக்க வைக்கிறோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்துவிட்டு வெளிநாட்டில் நாலு வருஷம் நான் செய்தது இதைத்தான்.

போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கிற காரீயம் தெரியும்தானே? அதில் ஒரே ஒரு அணுப்படையைச் சுருட்டினால் எப்படியிருக்குமோ அதுதான் நனோகுழாய். விட்டம் 1 முதல் 2 நனோமீற்றர். ஒட்சைட்டு படிந்த சிலிக்கன் தகட்டில் இரும்புத் துணிக்கைகளைத் தூவி, சுமார் 900 பாகை செல்சியஸ் உலையில் மெதேனும் ஐதரசனும் செலுத்துவோம். துணிக்கையிலிருந்து குழாய் வளரும். அது கிடக்கும் இடத்தை நுணுக்குக்காட்டியில் தேடிக் குறித்து, இலத்திரன் கற்றை பட்டால் மாறும் பிசினைப் பூசி, அக்கற்றையால் அதில் வரைந்து, இரு முனையிலும் பலேடியம் படிய வைத்தால் திரான்சிற்றர் தயார். அடியிலுள்ள சிலிக்கனே படலை (gate), அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்வாய். 1998இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் முதலில் செய்தபோதும் சிலிக்கன்தான் படலை; ஆனால் அங்கே குழாயை முளைக்க வைக்கவில்லை, வேறாகத் தயாரித்த குழாய்களைப் பிளாட்டினம் மின்வாய்களின் மேல் படிய வைத்தார்கள்.

எந்தக் குழாய் வரும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. சுருளும் கோணத்தைப் பொறுத்து ஏறத்தாழ மூன்றில் ஒன்று உலோகமாகிவிடும். அதைப் படலையால் அணைக்கவே முடியாது.

குவாண்டம் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய எதிரி அழுக்கு. 4 கெல்வினுக்கு (சுமார் −269 பாகை செல்சியஸ்) குளிரவைத்தால் சின்னக் குழாய்த்துண்டு ஒரு பெட்டியாகி, இலத்திரன்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரவேண்டும்; படலையின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டு போனால், ஒவ்வொன்று நுழையும்போதும் மின்னோட்டத்தில் ஒரு உச்சம் தெரியும். அறை வெப்பநிலையில் வெப்ப அசைவு இதை மறைத்துவிடும். என் முதல் வருஷ அளவீடுகளில் மின்னோட்ட உச்சங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. கழுவியும் போகாத பிசின் மிச்சமும் ஒட்சைட்டில் சிக்கிய மின்னேற்றங்களும் அந்த ஒரு பெட்டியைப் பல துண்டாக்கியிருந்தன. எத்தனையோ இரவுகள் கருவியைத்தான் சந்தேகித்தேன்.

பிறகு வரிசையையே தலைகீழாக்கினோம். முதலில் பள்ளம் வெட்டி, இரு கரையிலும் உலையின் சூட்டைத் தாங்கும் பிளாட்டினம் வைத்து, கடைசியில்தான் குழாயை வளர்த்தோம். அந்தரத்தில் தொங்கும் குழாயில் அதன்பின் எந்த இரசாயனமும் படாது. நூற்றுக்கணக்கான பள்ளங்களில் சிலவற்றில்தான் ஒற்றைக் குழாய் குறுக்கே விழும். அப்படியொன்றில் உச்சங்கள் நான்கு நான்காக வந்தன. இலத்திரனின் சுழற்சி (spin) இரண்டு வகை, குழாயைச் சுற்றும் திசை இரண்டு வகை, ஆக ஒரு சக்தி மட்டத்தில் நான்கு இலத்திரன்கள். பாடப்புத்தகத்துக் கணக்கு, என் கண்முன்னே திரையில்.