அடுத்த சாரலுக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 28 வயது. யூபிஎஸ்சி தேர்வில் இது மூன்றாவது முயற்சி. போன ஞாயிறு அக்கா மகன் முதல்முறையாக நடந்தான். கீழே எல்லோரும் கைதட்டுகிற சத்தம் கேட்டது. மாடியில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நான் இறங்கிப் போகவில்லை. இன்றைய நாளை ரசிக்க ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற வேகம் தணிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

அந்தப் பயம் எனக்குத் தெரியும். முதல் நாவலை எழுதிய நாலு வருடமும் தென்காசியில்தான் இருந்தேன். குற்றாலம் பக்கத்திலேயே. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் அம்மா கேட்பார்: "ஐந்தருவிக்கு ஒருநாள் போயிட்டு வருவோமாய்யா?" "நாவல் முடியட்டும்மா" என்பேன். முடிந்தது. அதற்குள் அம்மாவுக்கு மூட்டுவலி முற்றிவிட்டது. அருவிக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி, வெளியே தலையை நீட்டி, முகத்தில் சாரலை வாங்கிக்கொண்டார். முன்பே ஒரு நாள் கூட்டிப்போயிருந்தால் நாவல் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலக செஸ் பட்டத்துக்கு ஆடியதை ஏழு வயதுப் பையனாகப் பார்த்தவர் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14ஆவது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் அவரிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலக சாம்பியன். குகேஷ் அழுதார். அப்புறம் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்கக் கட்டங்களில் அடுக்கினார். அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். பட்டம் மட்டும்தான் வேண்டும் என்றிருந்தால் அந்த நேரத்தில் காய்மேல் கை போகாது.

உங்கள் கடிதத்தில் தேர்வு இருக்கிறது. எந்தப் பாடம் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு மட்டும் இரண்டு தாள், 500 மதிப்பெண். முதல்நிலைத் தேர்விலிருந்து இறுதி முடிவு வரைக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. அத்தனை நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள முடியாது. பிடித்துப் படித்தது, தேறாவிட்டாலும் உங்களோடு இருக்கும்.

சரி, மாதிரித் தேர்வை நாளைக்கும் எழுதலாம். அக்கா மகன் இன்னும் கொஞ்ச நாள்தான் இப்படித் தத்தித் தத்தி நடப்பான். சாயங்காலம் கீழே போய், நாலடி தள்ளி உட்கார்ந்து கையை நீட்டுங்கள். வருவான்.