ஒரு நாளில் ஆறு முறை பற்றவைக்கும் அடுப்பு

கேள்வி: எனக்கு வயது 61, கணவருக்கு 64. வேலூரில் சொந்த வீடு. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து அவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் வெளியூரில். கத்தரி வெயில் தொடங்கியதிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் சண்டை. அவருக்கு ஒரு மணிக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். நான்கு மணிக்குப் பலகாரம் வேண்டும். போன வாரம் மதியம் ரசத்துக்குத் தாளிக்கும்போது கண் இருட்டி, சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். “தண்ணீர் குடித்திருக்க மாட்டாய்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படுக்கையறையில் ஏசி இருக்கிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து பகலில் போட விடமாட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் வரச் சொல்கிறான். இவர் வர மறுக்கிறார். நான் மட்டும் போகலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பெங்களூரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, இந்த வாரமே ஒரு நாள் காலையில் டாக்டரிடம் போவது. கண் இருட்டியதைச் சாதாரணமாக விடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரிய வைப்பவை. வியர்வையிலும் நீர் போய், மாத்திரையாலும் போனால் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். மாத்திரை அட்டையை எடுத்துப் போய்க் காட்டுங்கள். கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மோரில் எவ்வளவு உப்புப் போடலாம் என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. உங்கள் கணவரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும்.

தண்ணீர் குடிக்கவில்லை என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வயது ஏற ஏறத் தாகம் எடுப்பது குறைந்துவிடும்; உடம்பு வறண்ட பிறகும் நாக்குக் கேட்காது. இது அவருக்கும் பொருந்தும். ஆனால் மீதிப் பாதியை அவர் பார்க்கவில்லை. நீங்கள் நின்றிருந்த இடத்தை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும், உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு அடுப்பு எத்தனை முறை எரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடியற்காலைக் காபி, காலைப் பலகாரம், பதினொரு மணிக்கு ஒரு டீ, மதியச் சமையல், மாலைப் பலகாரமும் காபியும், இரவுக்குத் தோசை. ஆறு முறை. வீட்டிலேயே அதிகம் சூடாகும் அறை அதுதான். காற்றில் அடுப்பு அணையும் என்று அங்கே மின்விசிறியும் மாட்டுவதில்லை. வெளியே 41 டிகிரி அடிக்கும் வேளையில் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள், அவர் கூடத்தில் விசிறிக்கு அடியில் இருக்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தவர், அது எப்போது, எந்தச் சூட்டில் நிரம்பியது என்று பார்க்கும் வாய்ப்பே அவருக்கு இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. பார்க்க வையுங்கள்.

பஞ்சாங்கப்படி கத்தரி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை போகும். அது முடியும் வரை காலை ஒன்பது மணிக்குள் சமையலை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காய் நறுக்குவது அவர் வேலை. கூடத்தில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முதல் நாள் இரவே நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வெயில் நாளில் தேங்காய் அரைத்த கூட்டு, சட்னியெல்லாம் சீக்கிரம் ஊசிப்போகும். புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் தாங்கும். காலையில் வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலையும் கொஞ்சம் மோரையும் ஊற்றிப் பிசைந்து வைத்தால் மதியத்துக்குப் புளிக்காத தயிர்சாதம் ஆகிவிடும். உங்கள் வட்டாரத்துக்குக் கேழ்வரகுக் கூழைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, தர்பூசணி. அவற்றை வாங்கிவருவதும் அவர் பொறுப்பு, ஆனால் காலை எட்டு மணிக்குள். அவருக்குச் சூடாகத்தான் வேண்டும் என்றால் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது, வேண்டிய அளவு எடுத்து அவரே சுடவைத்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் ஒரு மணிக்கு அந்த அறையில் நின்று பார்த்தால், நீங்கள் சண்டை போட்டுப் புரியவைக்க முயன்றது அவருக்குத் தானாகப் புரியும்.

இதைக் கோபமான நேரத்தில் சொல்லாதீர்கள். அதிகாலைக் காபி நேரத்தில், மாடியில் கொஞ்சம் காற்று இருக்கும்போது சொல்லுங்கள்: “எனக்கு மதியத்தில் அடுப்பருகே நிற்கப் பயமாக இருக்கிறது. நாளையிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் நான் சமைக்கப்போவதில்லை.” பயம் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். உண்மை அதுதானே? கடிதத்தில் எரிச்சல் என்று எழுதியிருந்தால்கூட நான் அப்படித்தான் படித்திருப்பேன்.

ஏசி விஷயத்தில் அவரோடு கணக்கால் பேசலாம், அலுவலகக் கணக்குப் பார்த்தவர். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். மதியம் ஒன்று முதல் நான்கு வரை, 26 டிகிரியில், விசிறியோடு சேர்த்துப் போட்டால் 25 நாளைக்கு 75 யூனிட். தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதம் படிப்படியாக ஏறும்; 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னும் கூடும். அவர் பயப்பட வேண்டிய எல்லை அது. பழைய ரசீதுகளை எடுத்து, நீங்கள் இருவரும் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று பாருங்கள். இருவரும் அந்த மூன்று மணி நேரம் ஒரே அறையில் இருங்கள். மேற்குப் பக்க ஜன்னலைக் காலை ஒன்பதுக்கே சாத்தித் திரை போட்டுவிட்டு, இருட்டிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். வெயில் 40-ஐத் தாண்டும் நேரத்தில் வெறும் மின்விசிறி சூடான காற்றைத்தான் உடம்பில் அடிக்கும். ஈரத் துண்டால் கை, கழுத்தைத் துடைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் இருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை என்றால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுக்கலாம். பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வடாம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் மே மாதத்தில் மொட்டை மாடி இருக்கும் வீட்டில் வடாம் போடாமல் இருக்க மாட்டீர்கள், பிள்ளைகளுக்கு அனுப்பவும் வேண்டும். விடியும் முன் கூழ் கிளறி, ஆறு மணிக்குப் பிழிந்துவிட்டு இறங்கிவிடுங்கள். காக்கைக்குக் கருப்புக் குடை விரித்து வைத்தால் போதும். மதியத்தில் திருப்பிப் போட ஏறாதீர்கள். ஒரு நாள் கூடுதலாகக் காயட்டும்.

இப்போது பெங்களூர். தாராளமாகப் போங்கள், காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பேரப்பிள்ளைகளிடம் இருப்பீர்கள். கணவரை விட்டுப் போவது பாவம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இந்த வாரமே கோபத்தில் கிளம்புவதை நான் ஏற்கமாட்டேன். கடும் வெயிலில் அதிகம் ஆபத்துக்குள்ளாவது தனியாக இருக்கும் முதியவர்கள்தான். மயங்கி விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. அதனால் முதலில் இந்தப் பத்து நாளில் அவர் சோறு வடிக்கவும் ஒரு ரசம் வைக்கவும் கற்றுக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். காலையும் மாலையும் போனில் பேசுவதாகச் சொல்லிவிட்டு டிக்கெட் எடுங்கள். எடுக்கும்போது இரண்டாகவே எடுங்கள். அவர் வரவில்லை என்றால் கடைசி நாளில் ஒன்றை ரத்து செய்துகொள்ளலாம்.