மெடிக்கல் எய்ட் கட்டத்தான் வேண்டுமா? டர்பனுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை உறுதியாகிவிட்டது, மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரவேண்டும், மாதந்தோறும் மெடிக்கல் எய்ட் எனப்படும் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குப் பெருந்தொகை கட்டத்தான் வேண்டுமா, அரசு மருத்துவமனை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர்கள் போதவில்லை என்றும், மருத்துவர்களே வேலை கேட்டுப் போராடுகிறார்கள் என்றும் ஒரே நாட்டிலிருந்து எப்படிச் செய்திகள் வருகின்றன என்பதும் உங்கள் கேள்வி. முதல் கேள்விக்கு விடை இரண்டாவதற்குள் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு செய்திகளும் உண்மை. தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் படித்தவர் இரண்டாண்டுப் பயிற்சியையும் ஓராண்டுக் கட்டாயச் சமூகப் பணியையும் முடித்தாக வேண்டும். அதுவரை அரசு சம்பளம் தருகிறது. அதன்பின் அவரை வைத்துக்கொள்ள மாகாண சுகாதாரத் துறையிடம் பணம் இருக்கவேண்டும். இல்லாதபோது பணியிடம் நிரப்பப்படுவதில்லை. வார்டில் இருப்பவர் இருவர் வேலையை ஒருவராகச் செய்ய, படித்து முடித்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொவலேடி 1,200 மருத்துவர்களையும் 200 செவிலியர்களையும் நியமிக்கப்போவதாக அறிவித்தார். தேவைக்கு முன் அது சிறிய எண்ணிக்கைதான்.

நாட்டில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவாகிறது. அதில் ஏறக்குறையப் பாதி தனியார் துறைக்குப் போகிறது. மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவர்களோ மக்களில் 16 விழுக்காட்டினர் அளவில்தான். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு அரசு மருத்துவமனையே கதி. இந்தப் பிளவை நீக்குவதற்கென்று 2024 மே மாதம் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்டார். பணம் எங்கிருந்து வரும் என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இந்தப் பிளவின் விலை என்ன என்பதை டர்பன்காரர் ஒருவரின் வழக்கு காட்டும். தியாகராஜ் சுப்ரமணி என்ற 41 வயதுக்காரருக்கு நீரிழிவு, இதய நோய், அதோடு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கையிருப்பு தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். தீர்ந்ததும் அடிங்டன் அரசு மருத்துவமனையை நாடினார். அங்கே இயந்திரங்கள் போதாமல், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முதலிடம் என்ற விதி இருந்தது. 1997 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், தனக்கும் டயாலிசிஸ் தரவேண்டும் என்ற அவர் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் இருக்கிற இயந்திரங்களை யாருக்குத் தருவது என்பதை மருத்துவர்களே முடிவு செய்யட்டும் என்று அவர்கள் விட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஊரில் பணம் உள்ளவருக்கு டயாலிசிஸ் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை.

ஆகவே மெடிக்கல் எய்டில் சேருங்கள் என்றே சொல்வேன். உங்கள் சம்பளம் அதற்கு இடம் தரும். நீங்கள் நிற்காத வரிசையில் வேறு வழியே இல்லாத ஒருவர் நிற்பார். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோய் இருக்கிறது என்பதற்காக உங்களைச் சேர்க்க மறுக்கவோ கூடுதல் சந்தா கேட்கவோ முடியாது. ஆனால் பொதுவாக மூன்று மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கர்ப்பத்துக்கும் பன்னிரண்டு மாதம் வரையும் செலவை ஏற்காமல் காத்திருக்கச் சொல்லலாம். எனவே முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். அடுத்த குழந்தையைப் பற்றிய எண்ணம் இருந்தால் இதை மனைவியிடமும் சொல்லிவையுங்கள்.

மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம். 1994இல் மண்டேலா ஆட்சி தந்த உரிமை அது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும் என்று 2023இல் ஜொகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இருந்தும் சில அரசு கிளினிக்குகளின் வாசலில் வெளிநாட்டவரை எதிர்க்கும் கும்பல்கள் நின்று அடையாள அட்டை கேட்டு, ஜிம்பாப்வே, மலாவி நாட்டுப் பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் அந்த வாசலுக்குப் போவதில்லை என்பதாலேயே நம்மை யாரும் மறிப்பதில்லை. இங்கே வந்தபின் யாரேனும் அந்தக் கும்பல்களுக்குப் பரிந்து பேசினால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

காத்திருப்புக் காலத்தில் விபத்து ஏதும் நேர்ந்தால், தனியார் மருத்துவமனையானாலும் பக்கத்தில் உள்ளதற்கே செல்லுங்கள். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அரசு ஆம்புலன்ஸுக்கு 10177 என்ற எண்ணை இருவர் கைபேசியிலும் இப்போதே பதிந்துவையுங்கள்.