லோக் அதாலத் கையெழுத்துக்கு முன் கோனியோஸ்கோபி

கேள்வி: வயது 34. லாரி டிரைவர், மாதம் 18,000 ரூபாய் சம்பளம். போன வருடம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கார் மோதி வலது கண்ணில் பலத்த அடி. ஐரிஸ் (கண்பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம்) வேரோடு பிய்ந்து, ஆபரேஷனில் தைத்தார்கள். கண்பாப்பா இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டால் 6/9 தெரிகிறது, ஆனால் ராத்திரி எதிர் வண்டி லைட் அடித்தால் ரோடே தெரிவதில்லை. மெடிக்கல் போர்டு ஊனம் 0% என்று எழுதிவிட்டது. கார்க்காரர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு கேஸ்) நடக்கிறது. 2.75 லட்சம் தருகிறோம், அடுத்த லோக் அதாலத்தில் முடித்துக்கொள் என்கிறது இன்சூரன்ஸ். கண்ணைக் கெடுத்த டாக்டர் மீதும் கேஸ் போடலாமா?

பதில்: டாக்டர் மீது கேஸ் வேண்டாம். வேரில் பிரிந்த ஐரிஸை, தலைமுடியைவிட மெல்லிய 10-0 புரோலின் நூலால் கண்ணின் வெள்ளைச் சுவரோடு இழுத்துக் கட்டுகிறார்கள். அடிபட்டுக் கிழிந்த, பாப்பாவைச் சுருக்கும் தசை எந்தத் தையலாலும் மறுபடி வேலை செய்யாது. பாப்பா சுருங்காமல் நிற்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவை நிரூபிக்க முடியாது. அதோடு, கூண்டேறி உங்கள் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியவரே அவர்தான். சாட்சியை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். கார்க்காரர் வராததும் தீர்ப்பில் ஒரு ரூபாயைக் கூட்டாது.

உங்கள் கேஸில் ஒரே கேள்விதான்: சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று? போர்டு பார்ப்பது கண்ணாடியோடு தெரியும் பார்வையையும் பார்வைப் பரப்பையும். வெளிச்சக் கூச்சத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. ஆனால் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல் ஊனம் வேறு, வருமான இழப்பு வேறு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 18,000-த்தோடு எதிர்கால உயர்வு 40% சேர்த்து, 12 மாதம், உங்கள் வயதுக்குக் கோர்ட் பெருக்கும் எண் (பெருக்கி) 16 என்று போட்டால், 10% இழப்புக்கே 4,83,840 ரூபாய். 20% என்றால் 9,67,680. ஆபரேஷன் குறிப்பு, கிளேர் டெஸ்ட் (வெளிச்சக் கூச்சத்தை அளப்பது), ஸ்லிட் லாம்ப் போட்டோ (கண்ணைப் பெரிதாக்கி எடுத்த படம்) எல்லாவற்றையும் டாக்டர் சாட்சி மூலம் கோர்ட் ஆவணமாக மார்க் செய்யுங்கள். வெறும் சர்டிபிகேட் நிற்காது.

இனிதான் பயப்பட வேண்டிய இடம். ஐரிஸை வேரில் பிய்த்த அடி, பக்கத்தில் கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணத்தையும் பல நேரம் கிழித்திருக்கும். இன்று கண் பிரஷர் நார்மலாக இருக்கலாம். ஐந்து, பத்து வருடம் கழித்துகூட கிளாக்கோமா (கண் பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெடும் நோய்) வரலாம். கண்ணில் கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோபியில் இந்தக் கிழிசல் தெரிந்துவிடும். கிழிசல் எத்தனை டிகிரி என்று எழுதி வாங்குங்கள். 180-க்கு மேல் போனால் ஆபத்து கூடுதல். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் புரை ஆரம்பித்திருக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இது தெரியாமல் லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், பின்னால் சொட்டு மருந்துச் சீட்டோடு வந்து நிற்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 21-ன்படி அந்த உத்தரவே இறுதி, அப்பீல் கிடையாது. எதிர்கால வைத்தியச் செலவை இப்போதே கேட்டால்தான் உண்டு.

இன்னொன்று. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் தரும் படிவம் 1ஏ சர்டிபிகேட்டில் ‘பார்வையில் குறை இல்லை’ என்று வாங்கிவைத்துவிட்டு, ராத்திரி ஓட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் சொன்னால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு தாள் போதும். அந்த டாக்டரிடமும் உள்ளதைச் சொல்லுங்கள்.

கோனியோஸ்கோபி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு 7 லட்சம் பக்கம் பேச்சு வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். முழுத்தொகைக்கு நின்றால் அப்பீலில் வருடங்கள் ஓடும். அதுவரை லோக் அதாலத்தில் ‘உடன்பாடு இல்லை’ என்று சொன்னாலே போதும், கேஸ் அதே கோர்ட்டுக்குத் திரும்பிவிடும்.