முன்னுரிமைக்குப் பணம் கட்டியும் போர்டிங் பாஸில் மதியம் 2 மணி: முன்னால் போகலாமா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் அப்பா அம்மாவோடு நாலு பேர் போகிறீர்கள், சீக்கிரம் ஏறும் முன்னுரிமைக்குப் பணம் கட்டியும் பாஸில் ஏறும் நேரம் 2 மணி என்றே இருக்கிறது, முன்னால் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம் அண்ணாச்சி. முன்னுரிமை பதிவாகியிருந்தால் பெரும்பாலான கப்பல்களில் 2 மணி வரை காத்திருக்க வேண்டாம், தனி வரிசையில் விடுவார்கள். ஆனால் பாஸில் முன்னுரிமை என்ற குறிப்பு இருக்க வேண்டும்.

உங்களுக்கு அது வராததற்குக் காரணம், வெப் செக்-இன் முடித்து பாளையங்கோட்டையில் பிரிண்ட்டும் எடுத்த பிறகு பணம் கட்டியதாகத்தான் இருக்கும். கையில் இருப்பது பழைய பாஸ்.

திரும்ப லாகின் செய்து புதிதாக டவுன்லோட் செய்யுங்கள். நாலு பேர் பெயரையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்பா அம்மா வேறு கேபின் என்கிறீர்கள். பல கம்பெனிகளில் இதை ஆளுக்கு ஆள் வாங்க வேண்டும். அவர்கள் பெயரில் இல்லையென்றால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ரசீதோடு மெயில் போடுங்கள். வயசானவர்களைப் பொது வரிசையில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் முன்னால் போவதில் அர்த்தமில்லை.

பாதுகாப்புச் சோதனையிலும் இமிகிரேஷனிலும் இந்த முன்னுரிமை பெரும்பாலும் செல்லாது. சீக்கிரம் ஏறினாலும் கேபின் மதியம்தான் கிடைக்கும், பெரிய பெட்டி அதற்கும் பிறகுதான் வரும். அப்பாவின் மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் விசா. கப்பல் சிங்கப்பூருக்கே திரும்பி வருகிறது, அதனால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று இன்றைக்கே பாருங்கள்.