கதவு திறக்காத பக்கம்

அன்புள்ள சார்,

போன மாசம் பிரிட்டன்ல வேல்ஸ்ல ஓடற டாலிலின் ரயில் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். நான் ஈரோடு. ஊட்டி ரயில்ல இதுவரைக்கும் பதினோரு தடவை போயிருக்கேன், அந்தத் திமிர்லதான் கேக்கறேன்னு வச்சுக்கங்க. 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம், பல்சக்கரம் பிடிச்சு ஏறுற ரயில் நம்மகிட்டயே இருக்கறப்ப, லண்டனைக்கூட சரியா பாக்காம 12 கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பொம்மை ரயிலுக்காக ரெண்டு நாளை செலவு பண்ணியிருக்கீங்க. அதுவும் அந்த 1864 இன்ஜின்ல பாய்லர்ல இருந்து எல்லாத்தையும் மாத்திட்டாங்களாமே, நெட்ல பாத்தேன். அப்புறம் அதுல என்ன பழசு இருக்கு? பையன் பர்மிங்காம்ல படிக்கிறான், ஆகஸ்ட்ல போறோம். போகலாமா வேண்டாமா, பட்டுனு சொல்லுங்க.

எம்.

அன்புள்ள எம்.,

போங்க. பட்டுனு சொல்லியாச்சு. இனிமே கொஞ்சம் இழுத்து சொல்றேன், ஏன்னா "என்ன பழசு இருக்கு"ன்னு நீங்க கேட்டதுதான் அங்க உக்காந்து நானும் யோசிச்சுட்டு இருந்தது.

நீங்க சொன்னது சரிதான். அந்த இன்ஜினுக்கும் பேரு டாலிலின்தான், 1957-58ல கிட்டத்தட்ட முழுசாவே பிரிச்சு மறுபடி கட்டியிருக்காங்க. கூடப் பொறந்த டோல்கோக் இன்ஜினுக்கும் பின்னாடி அதே கதிதான். (இந்தப் பேரையெல்லாம் நான் தமிழ்ல எழுதறது சும்மா ஒரு குத்துமதிப்பு. ரெண்டு எல் சேர்ந்து வந்தா நாக்கை மேல ஒட்டிக்கிட்டு ஓரமா காத்து விடணுமாம், நம்ம ழகரத்தை வெள்ளைக்காரனுக்கு சொல்லிக்குடுக்கறப்ப அவன் முழிப்பான் பாருங்க, அந்த முழிதான் நான் முழிச்சேன்.) அதனால இரும்பை வச்சு பழசு புதுசு பாத்தா கேஸ் தோத்துடுவோம்.

ஆனா கதவு இருக்கு.

லைன் ஆரம்பிக்கற கடற்கரை ஊர் டவின், அங்க வார்ஃப் ஸ்டேஷன்ல ஏறினதும் ஜன்னலோரம் உக்காந்தேன், நாலு சக்கரம் மட்டும் இருக்கற அந்தக் காலத்து பெட்டி, முட்டிக்கு முட்டி இடிக்கும். கிளம்பறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்துடலாம்னு என் பக்கத்து கதவைத் தள்ளறேன், நகரல. தோளைக் கொடுத்துத் தள்றேன், ம்ஹூம். பச்சைக்கொடி வச்சிருந்த கார்ட் தாத்தா வெளிய இருந்து எட்டிப்பாத்து சிரிக்கிறார், "அது 1866லயே மூடினது"ங்கறார். கிண்டல் பண்றாருன்னு நினைச்சேன். நிஜமாவே அப்படித்தான்.

விஷயம் என்னன்னா, லைனை போட்டு முடிச்சதும் அரசாங்க இன்ஸ்பெக்டர் கேப்டன் டைலர்னு ஒருத்தர் வந்து பாக்கறார், 1866ல. ரோட்டுப் பாலத்துக்கு அடியில ரயில் போறப்ப பெட்டிக்கும் பாலத்துச் சுவருக்கும் நடுவுல ரெண்டடிகூட இடைவெளி இல்ல, யாராவது கதவைத் திறந்து வெளிய வந்தா நசுங்கிடுவாங்க. பாலத்தை இடிச்சுக் கட்டினா செலவு. அதுக்கு என்ன பண்ணினாங்கன்னா, பாலத்துக்கு அடியில தண்டவாளத்தை ஒரு பக்கமா தள்ளிப் போட்டுட்டு, சுவர் நெருங்கற பக்கத்து கதவுகளை நிரந்தரமா அடைச்சுட்டாங்க. இன்னிக்கும் அந்த லைன்ல ஒரு பக்கமாத்தான் ஏறி இறங்கணும். அதே இன்ஸ்பெக்டர் டாலிலின் இன்ஜின் மேலயும் கீழயும் ரொம்ப குதிக்குதுன்னு எழுதிட்டார், அதுக்காக பின்னாடி கூடுதலா ரெண்டு சக்கரம் சேத்தாங்க, அதுவும் அப்படியே இருக்கு. பாய்லரை மாத்திட்டாங்க, பண்ணின தப்பையும் அதுக்குப் போட்ட ஒட்டையும் யாரும் மாத்தல. எனக்கு அதுதான் ஒரிஜினல்.

யோசிச்சுப் பாத்தா அந்த லைன்ல மிஞ்சினது எல்லாமே காசு இல்லாததாலயும் மறந்து போனதாலயும் மிஞ்சினதுதான். மலைமேல இருந்த ஸ்லேட் குவாரில கூரைக்கல் வெட்டி இறக்கறதுக்காகப் போட்ட லைன் அது. 1911ல குவாரியையும் ரயிலையும் சேத்து ஹென்றி ஹேடன் ஜோன்ஸ்னு ஒரு லோக்கல் எம்.பி. வாங்கினார். 1946 கடைசியில குவாரி சரிஞ்சு மூடியாச்சு, ஏத்தறதுக்குக் கல்லே இல்ல, ஆனா நான் உயிரோட இருக்கற வரைக்கும் ரயில் ஓடும்னு மனுஷன் வாக்கு குடுத்துட்டார். புது இன்ஜின் வாங்க காசில்ல, தண்டவாளத்துக்கு அடியில கட்டையெல்லாம் உளுத்துப் போச்சு, புல்லு வேர் பிடிச்சுத்தான் ரெண்டு தண்டவாளமும் விலகாம நின்னுச்சுன்னு சொல்றாங்க. டாலிலின் படுத்துருச்சு, டோல்கோக் மட்டும் ஒத்தை இன்ஜினா இழுத்துக்கிட்டு கிடந்துது. 1948ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட எல்லா ரயிலையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு இல்லையா, அந்த லிஸ்ட்ல இது இல்ல. இருந்திருந்தா மறுநாளே மூடியிருப்பாங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன், பக்கத்துல காரிஸ்னு இதே தண்டவாள அகலத்துல ஓடின லைன் அரசாங்கத்துக் கைக்குப் போன அதே வருஷம் மூடினதுதான்.

1950 ஜூலைல ஹேடன் ஜோன்ஸ் போயிட்டார், வாக்கும் முடிஞ்சுது. அப்பத்தான் டாம் ரோல்ட்டுங்கற எழுத்தாளர், பையன் படிக்கிறான்னு சொன்னீங்களே அதே பர்மிங்காம்ல, அக்டோபர்ல ஒரு ஹோட்டல்ல கூட்டம் போட்டார். நாமளே ஓட்டலாம்னு முடிவாச்சு. ஹேடன் ஜோன்ஸோட மனைவி ஷேரை எழுதிக் குடுத்துட்டாங்க. 1951 மே 14 முதல் ரயில் கிளம்புச்சு, அதுவும் முழு தூரம் இல்ல, வழியில இருக்கற ரிடரோனன் ஸ்டேஷன் வரைக்கும்தான். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தின ரயில்னு உலகத்துல முதல்ல வந்தது இதுதான். மூடிப்போன அந்த காரிஸ்ல கிடந்த ரெண்டு இன்ஜினையும் வாங்கிட்டு வந்தாங்க, அதுங்க நம்பர் ஏற்கனவே 3, 4. இங்க இருந்தது 1, 2. பெயிண்ட் செலவுகூட மிச்சம்!

தாமஸ் ரயில் கதை எழுதின பாதிரியார் ஆட்ரி அங்க கார்டா வேலை பாத்திருக்கார், ஒரு நாள் டீ ஸ்டால் அம்மாவை ஸ்டேஷன்லயே விட்டுட்டு விசிலடிச்சு ரயிலை கிளப்பிட்டார்ங்கறது அங்க பிரசித்தம். என் கார்ட் தாத்தா ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், சம்பளம் கிடையாது, மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டு வர்றார், பெட்ரோலும் சொந்தக் காசு. "வீட்டுல என்ன சொல்றாங்க"ன்னு கேட்டேன். "அவ இன்ஜின் தொடைக்கறா, ஷெட்ல இருக்கா"ன்னார்.

ஊட்டியோட ஒப்பிட்டீங்களே, வேண்டாம் சார். நம்ம ரயில் மலையோட மல்லுக்கட்டற ரயில், அடர்லி ஸ்டேஷன் தாண்டி அது மூச்சு வாங்கறதைக் கேட்டவனுக்கு வேற எதுவும் பெருசாத் தெரியாது, எனக்கும் தெரியாது. இது பள்ளத்தாக்கோட ஓரமா ஆட்டுக்கு நடுவுல மெதுவா போற ரயில். அந்தக் காலத்துல சாயங்காலம் வரைக்கும் மேலயே இருக்கணும்னு ஆசைப்பட்ட டூரிஸ்டுக்கு ஒரு கல்லு வண்டியை வாடகைக்கு விடுவாங்களாம், இன்ஜின் கிடையாது, பிரேக்கை விட்டா சரிவுல தானா கடற்கரை ஊர் வரைக்கும் உருண்டு வந்துடலாம். இதை மட்டும் இப்ப விடறதில்ல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, போற வழி. பர்மிங்காம்ல இருந்து நேர் ரயில் இருக்கு, மூணரை மணி நேரத்துக்குப் பக்கம். மகின்லெத் ஸ்டேஷன்ல ரயிலை ரெண்டா பிரிப்பாங்க, முன்னாடி பின்னாடி எந்தப் பாதி பூல்ஹெலி போகுதுன்னு கேட்டு அதுல உக்காருங்க. நான் தூங்கிட்டு இருந்தேன், பக்கத்து சீட்டு அம்மா எழுப்பலைன்னா அபெரிஸ்ட்வித்துல போய் நின்னிருப்பேன். டவின்ல இறங்கி கொஞ்சம் நடந்தா வார்ஃப். எல்லா நாளும் ஓடாது, டைம்டேபிளைப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க. கடைசி ஸ்டேஷன் நான்ட் கெர்னோலுக்கு ரோடே கிடையாது, ரயில் இல்லேன்னா நடைதான், அங்க இன்ஜினைக் கழட்டி மறுமுனைல மாட்டறதை இறங்கி நின்னு பாருங்க. திரும்பறப்ப டோல்கோக் ஸ்டேஷன்ல (இன்ஜினுக்கும் இதே பேருதான்) இறங்கி அருவி பாத்துட்டு அடுத்த ரயில்ல வாங்க. ஆகஸ்ட்தானேன்னு குடையை விட்டுட்டுப் போகாதீங்க.

கதவு திறக்காத பக்கமா உக்காருங்க. ரோட்டுப் பாலத்துக்கு அடியில போறப்ப சுவர் எவ்வளவு கிட்ட வருதுன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் எடுத்ததுல என் கட்டை விரல்தான் இருக்கு.